ஷாட்கன் மைக்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிப்பதிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், தொடக்க காலத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதை ஒவ்வொரு படப்பிடிப்பிலும் பார்க்கிறேன். ஃபான்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரம்) போட மறப்பது, பேட்டரியைச் சரிபார்க்காமல் வருவது போன்றவை ஒரு முறை பட்டாலே திருந்திவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஷாட்கன் தொலைவிலுள்ள குரலை இழுத்துத் தரும் என்று நம்புவது

ஷாட்கன் என்பது முன்னாலிருந்து வரும் ஒலியை முதன்மையாக வாங்கும் நீண்ட குழாய் மைக். அது எதையும் இழுப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியைக் குறைக்க மட்டுமே செய்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும் என்ற விதி இதற்கும் பொருந்தும். ஆகவே கேமராவின் மேல் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்காமல், மைக்கைத் தாங்கும் நீண்ட பூம் கம்பைப் பிடித்து, கேமராவில் தெரியும் சட்டகத்தின் விளிம்புவரை மைக்கை இறக்குங்கள்.

வெறும் சுவர் கொண்ட சிறிய அறையில் ஷாட்கன்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மைக்கின் குழாயில் உள்ள பக்கத் துளைகள் வழியே நுழையும் ஒலி அலைகள் வெவ்வேறு நேரத்தில் உள்ளே சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குழாயின் நீளத்தைவிடக் குறைந்த அலைநீளம் உள்ள ஒலிகளில்தான் இது நன்றாக நடக்கும். 25 சென்டிமீட்டர் குழாய் என்றால் ஏறக்குறைய 1,400 ஹெர்ட்ஸுக்கு மேல். அதற்குக் கீழே, குரலின் கனம் இருக்கும் பகுதியில், சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி பெருமளவு தடையின்றி உள்ளே வருகிறது. மேல் பகுதியோ ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு விதமாக வெட்டுப்படுகிறது. கூரை தாழ்வாக இருந்தால் மைக்கின் பின்முனை அதை நெருங்கிவிடும். பின்னாலிருந்து வருவதையும் இந்த மைக் ஓரளவு வாங்கும்.

ஒரு தந்தை மகளிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியை, டைல்ஸ் தரையும் திரையில்லாத சன்னலும் உள்ள அறையில் நான் ஷாட்கனால் பதிவு செய்தேன். வசனத்தின் நடுவில் அந்த நடிகர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பியதும், குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் மாறியது. ஹெட்போனில் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருந்தும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று, டேக்கை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தவில்லை. குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைப் பின்னர் முழுமையாகப் பிரிக்க முடியவில்லை. காட்சி முழுவதையும் டப்பிங் செய்தோம். "அம்மா" என்று கூப்பிடும்போது அவர் தொண்டையில் ஒரு நொடி அடைத்த அந்த அடைப்பு, எத்தனை டேக் எடுத்தும் திரும்ப வரவே இல்லை. செலவைவிட அந்த இழப்புதான் இன்றும் வலிக்கிறது.

அறைக்குள் நுழைந்ததும் ஒரு முறை கைதட்டிக் கேளுங்கள். ஒலி கணகணவென்று நீண்டால், குழாயில்லாத ஹைப்பர்கார்டியாய்டு மைக்கை (இதுவும் முன்பக்க ஒலியை முதன்மையாக வாங்குவது) எடுங்கள். சட்டகத்துக்கு வெளியே தரையிலும் சுவரிலும் தடித்த கம்பளிகளைப் போடுங்கள்.

குழாயைக் கையால் பிடிப்பது

துளைகளை மூடினால் அது ஷாட்கன் அல்ல.

காற்றில் வெறும் ஃபோம் உறை

போதாது, மைக்கைச் சுற்றிக் காற்றுத் தடுப்புக் கூண்டும் அதன்மேல் ரோம உறையும் வேண்டும்.

மேடையில் ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி வைப்பது

முதுகுப்புறம் இந்த மைக்குக்கு முற்றிலும் செவிடு அல்ல. ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்து ஊளைச் சத்தம் வந்தால், ஒலியளவைக் குறைப்பதற்கு முன் மைக்கின் கோணத்தை மாற்றிப் பாருங்கள்.

அறையின் அமைதியைப் பதிவு செய்யாமல் கிளம்புவது

விளக்குகளை அணைக்கும் முன், அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, வசனத்துக்கு வைத்த அதே மைக்கை அதே இடத்தில் பிடித்து, அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் வசனங்களுக்கு இடையே வரும் வெற்றிடத்தை நிரப்ப அது வேண்டும்.