புரட்டாசியில் பாஸ் கூடு கட்டும்: பண்ணைக் குளம் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அந்த மீனின் தாயகமும் அதுதான் என்பதால் அவற்றில் குறையில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் முட்டையிடும் என்று அங்கே எழுதியிருப்பதை அப்படியே நம்பி, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அந்த மாதங்களில் குளத்தைத் தொடாமல் காத்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் உறவினரைக் கூட்டிவந்து தூண்டில் போடுவதுதான் நம்மவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் தவறு. உலகின் தென் பாதியில் பருவம் தலைகீழ். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடி மாதத்தில் நமக்குக் குளிர். தைப்பூசக் காவடி எடுக்கும் நாளில் கொளுத்தும் கோடை. புரட்டாசி விரதத்தை முன்னிட்டு நம் வீடுகளில் மீன் சமைக்காமல் இருக்கும் வாரங்களில்தான் இங்குள்ள பல குளங்களில் ஆண் பாஸ் குளத்தடியைத் துடைத்துக் கூடு அமைக்கத் தொடங்குகிறது. கடலோரத் தாழ்நிலத்தில் இது சற்று முன்னதாகவும், மிட்லண்ட்ஸ் மேட்டு நிலத்தில் சற்றுப் பிந்தியும் நடக்கும்.

மாதத்தைவிட நம்பத்தக்கது நீரின் வெப்பம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை நீர் சூடேறி, சில நாட்கள் அதே நிலையில் நின்றால் முட்டையிடுதல் தொடங்கும். இதை அளப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் மலைப்பக்கமிருந்து வரும் வெப்பமான பெர்க் காற்று வீசும் பிற்பகலில் கரையோரம் கையை நனைத்துப் பார்த்து, குளம் சூடாகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்தக் காற்றின் பின்னாலேயே பெரும்பாலும் குளிர்முகம் என்னும் குளிர்ந்த காற்றுத்திரள் வந்து ஒரே இரவில் நீரைக் குளிர்வித்துவிடும். அப்போது ஆண் மீன் கூட்டைக் கைவிடும், முட்டைகளில் பூஞ்சை படரும். எனவே விடியற்காலையில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, முழங்கால் முதல் இடுப்பு வரையான ஆழத்தில் தொடர்ந்து ஒரு வாரம் அளந்து பார்க்க வேண்டும்.

கூடுகள் அந்த ஆழத்தில்தான் அமைகின்றன என்பதால், நீர்மட்டத்தைக் குறைப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு. நம் மாகாணத்தில் மழை கோடையில் பெய்கிறது. குளிர்கால வறட்சி முடியும் செப்டம்பர், அக்டோபரில் குளம் ஏற்கெனவே வற்றியிருக்க, கரும்புக்கும் காய்கறிப் பாத்திக்கும் நீர் தேவைப்படுவதும் அதே நாட்களில்தான். ஓர் ஆண்டு நான் பத்து நாட்கள் பம்பு ஓட்டிய பிறகு, கரையோரம் தட்டு அளவில் வெளுத்த வட்டங்கள் வெயிலில் காய்ந்து கிடப்பதைக் கண்டேன். அவை என்ன என்று அறிந்தபோது அவ்வாண்டின் குஞ்சுகள் கைவிட்டுப் போயிருந்தன. பாய்ச்சலைக் கூடுமானவரை ஆகஸ்டுக்குள் முடித்துக்கொள்வதும், முடியாதபோது நீரைச் சிறுகச் சிறுக எடுப்பதும், கூடுகள் தெரியும் மேட்டுப்பக்கம் வெளிப்படும் முன் பம்பை நிறுத்துவதும் நம் கையில் இருக்கின்றன.

கூட்டைக் காப்பது ஆண் மீன் மட்டுமே. பெண் மீன் முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். ஆண் வாலால் விசிறிச் சேற்றை விலக்கி, முட்டை பொரியும் வரை சில நாட்களும், குஞ்சுகள் மேகம்போல் திரண்டு நீந்தும் அடுத்த சில வாரங்களும் காவல் நிற்கும். இந்த நாட்களில் அது ஏறக்குறைய இரை தேடுவதே இல்லை. கூட்டின் மேல் வந்து விழும் செயற்கை இரையை அது கவ்வுவது பசியால் அன்று, முட்டையைத் தின்ன வந்ததாக எண்ணித் துரத்துவதால்தான். "நன்றாகக் கடிக்கிறது" என்று மகிழ்ந்து அதைக் கரைக்கு இழுத்து, படம் எடுத்து, மீண்டும் விட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. அந்தச் சில நிமிடங்களில் புளூகில் மீன்கள் கூட்டில் இறங்கிவிடும். 1928-இல் பாஸ் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு இரையாகட்டும் என்று 1938-இல் கொண்டுவரப்பட்ட புளூகில், அதே பாஸின் முட்டைக்குப் பகையாகவும் இருக்கிறது. தூண்டில் போடும் ஆசை உள்ளவர்கள், முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களில் மீன் ஆவலோடு தின்னும்போது போடலாம்.

உணவு விஷயத்தில் நடக்கும் தவறு, எல்லாக் காலத்திலும் ஒரே அளவு தீனி போடுவது. நீர் 10 டிகிரியை நெருங்கும்போது பாஸின் செரிமானம் மிகவும் மெதுவாகிறது. வாரக்கணக்கில் அது சொற்பமாகவே தின்னும். அப்போது கொட்டும் தீவனக் குச்சிகள் அடியில் அழுகி நீரைக் கெடுக்கும். பழக்கப்படுத்தாத பாஸ் அவற்றை எந்தக் காலத்திலும் பெரும்பாலும் தொடாது. உயிருள்ள மீன், தவளை, நண்டு, பூச்சிகளே அதன் உணவு. ஆகவே தீவனம் பாஸுக்கு இல்லை, அதற்கு இரையாகும் திலேப்பியாவுக்குத்தான் என்று கணக்கிட்டுக் கோடையில் மட்டும் அளவாகப் போடுவது சரி. திலேப்பியா கடுங்குளிரைத் தாங்காது என்பதால் மிட்லண்ட்ஸில் அதை மட்டுமே நம்பியிருப்பது சரிவராது. கோடை முற்றிய தை, மாசியில் வெப்ப நீரில் உயிர்வளி குறையும். பாஸ் விடியலிலும் அந்தியிலும் மட்டும் இரை தேடும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீவனத்தை முற்றிலும் நிறுத்தி, ஏரேட்டரையோ பம்பையோ ஓட்டி நீரைக் கலக்கிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் நீர் இதமாகிவிடும். அப்போது அது குளிருக்கு முன் நன்றாகத் தின்று உடல் தேற்றிக்கொள்ளும்.

குஞ்சு பெருகிவிட்டால் நல்லது என்று எல்லாவற்றையும் வளரவிடுவதும் பிழையே. சிறிய குளத்தில் இரை போதாமல் ஒரு சாண் அளவிலேயே பாஸ் நின்றுவிடும். சிறியவற்றைப் பிடித்துச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, பெரியவற்றைத் திரும்ப விடுங்கள். நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்.

கடைசியாக ஒன்று. மிகுந்த குஞ்சுகளை வாளியில் எடுத்துப்போய் அண்டை வீட்டாரின் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். பாஸ் இந்நாட்டில் அயல் ஊடுருவல் மீனாகப் பட்டியலிடப்பட்டுள்ளது, அனுமதியின்றி இடம் மாற்றுவது சட்டப்படி குற்றம். கேப் பகுதியின் ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் பாஸ் புகுந்த இடங்களில் மறைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் உங்கள் குளத்தின் கலிங்கு வழிந்து எந்த ஓடையில் சேர்கிறது என்பதைப் பார்த்து, அங்கே முன்னதாகவே வலைத்தடுப்பு வைத்துவிடுங்கள்.