வீடு தேடிப் போகும் முதியோர் பராமரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியபின், வீட்டுக்கே வந்து பிரஷர் பார்ப்பதும் பிசியோதெரபி செய்வதும் தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி. ஏஜென்சி மூலம் வரும் பராமரிப்பாளர்களும் உண்டு. பலருக்கு அன்புக்குக் குறைவில்லை. தவறு நடப்பது கைப்பழக்கத்தில்தான்.

முதலில், தூக்குவது. அக்குளில் கை கொடுத்து ஒரே மூச்சில் எழுப்பிவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவரின் தளர்ந்த தோள்மூட்டு அதில் விலகலாம். தூக்குபவரின் இடுப்பும் போகும். ஒருக்களிக்க வைத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, உட்கார வைத்து ஓரிரு நிமிடம் விடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென எழுந்தால் கண் இருட்டி விழக்கூடும். பாதம் தரையில் பதிந்ததும், “ஐயா, முன்னாடி சாஞ்சு எழுந்திரிங்க” என்று சொல்லிப் பக்கத்தில் நின்றால் போதும். தானே எழ முடிந்தவரைத் தூக்கிப் பழக்கினால் தொடையில் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும்.

படுத்தபடி ஊட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாதான். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். எலும்பு துருத்திய இடம் சிவந்திருந்தால் தேய்க்க வேண்டாம், பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைப் பொடிக்கவும் கூடாது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, “வயசாச்சு, அப்படித்தான் உளறுவாங்க” என்று விட்டுவிடுவது. நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்ன பாட்டி இன்று மகளையே யாரென்று கேட்டால், மறதி நோய் ஒரே ராத்திரியில் அப்படி முற்றாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவும் காரணமாகலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போவதுண்டு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாரா? உடனே சர்க்கரை பாருங்கள். வாய் கோணி, பேச்சு குழறினால் யோசிக்காமல் 108.

நோட்டில் ‘பாட்டி நார்மல்’ என்று எழுதி யாருக்கு என்ன லாபம்? ‘காலை 8 மணி. அரை இட்லிதான். சிறுநீர் அடர்மஞ்சள். மகளை அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதினால் நர்ஸ் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பார்.

அப்புறம், பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே “தூங்கினாங்களா?” என்று மகளிடம் கேட்காதீர்கள், பாட்டியிடமே கேளுங்கள். வீட்டார் இல்லாதபோதும் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். கையில் காரணம் தெரியாத கன்றிய தடம் இருந்தால், அங்கேயே விசாரணை நடத்திச் சண்டையாக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567.