மடுக்கோயிலை மைம்மலில் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வன்னியிலுள்ள மடு மாதா கோயிலைப் பின்னேரத்தில் எடுத்த படங்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்றில் வானம் வெளிறி, கோயில் மங்கிக் கிடக்கும். மற்றதில் வானம் கன்னங்கரேலென்று இருக்க, விளக்குகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். பழி கமராவுக்குப் போகிறது. உண்மையில் பிழை நேரத்தில்தான்.

பொழுது பட்டதும் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறோமே, அதுதான் பெரிய தவறு. வானத்து நீலமும் விளக்கு வெளிச்சமும் ஏறத்தாழச் சமமாக நிற்பது அதற்குப் பிறகுதான். ஆனால் வன்னியில் அது நீளாது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம்; சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிவிடும். அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போனால் மைம்மல் முடிந்து இருட்டத் தொடங்கும்; அதற்கு 20 நிமிடமும் கொஞ்சமும் போதும். ஜூன் மாத லண்டனில் இதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அங்குள்ளவர்கள் வீடியோவில் சொல்லும் 'ஆறுதலாக எடுக்கலாம்' இங்கே சரிவராது. மறைந்து 15 நிமிடம் தொடக்கம் 25 நிமிடம் வரை, அவ்வளவுதான். மறையும் நேரமும் மாறும்: ஜூலையில் ஆறரை மணியளவில், நவம்பரில் ஐந்தே முக்காலுக்கே. எனவே ட்ரைபொட், கோணம், போகஸ் எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே சரிசெய்து வையுங்கள்.

அப்புறம், வைட் பேலன்ஸை (கமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஓட்டோ மோடில் விடாதீர்கள். நாம் தேடிப்போன நீலத்தையே அது 'திருத்தி' விடும். 4000 கெல்வின் அளவில் நிறுத்திப் பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் தேவையான நொடிகள். விளக்குகள் வெளிறினால் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். ட்ரைபொட்டில் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுசெய்வது) நிறுத்தி, டைமரில் எடுப்பது நல்லது. போன் என்றால் மதிலில் சாய்த்து நைட் மோட், போதும்.

முகப்புக்குக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னால் சரியும். முற்றம் பெரியது, பின்னே போங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது சில மீற்றருக்கு மேல் எட்டாது, மன்றாடுபவர்களின் கண்ணைத்தான் கூசவைக்கும். ட்ரோனுக்கு அனுமதி தேவை.

ஓகஸ்ட் 15 திருவிழாக் கூட்டத்தில் ட்ரைபொட்டை விரிப்பது எனக்குப் பிடிக்காத காரியம், சனத்துக்கும் இடைஞ்சல். கட்டடம்தான் வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள். திரும்பும் வழி காட்டுக்குள்ளால் போகிறது. ஆட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.