லோக்கல் ரெஜிஸ்ட்ரி காட்டும் பச்சையை நம்பி ஏமாந்த கதை

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய டெஸ்ட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். என்பிஎம் பேக்கேஜை (ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு) ரெஜிஸ்ட்ரியில், அதாவது பேக்கேஜ்களைச் சேமித்து வழங்கும் சர்வரில், ஏற்றி, இறக்கி, ஓட்டிப் பார்க்கும் இன்டக்ரேஷன் டெஸ்ட். பல வருடம் முன்பு நான் எழுதியதை அப்படியே பார்ப்பது போல இருந்தது, தவறுகள் உட்பட. ரகசிய டோக்கனை கிட் (Git) ரெப்போவில் போடக் கூடாது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிஜ ரெஜிஸ்ட்ரியில் சோதிப்பது

வேண்டாம். என்பிஎம்மில் ஒருமுறை ஏற்றிய பதிப்பெண், நீக்கினாலும் திரும்பக் கிடைக்காது. பைதானுக்கான ரெஜிஸ்ட்ரியான பைப்பிஐயிலும் நீக்கிய கோப்பின் பெயரில் மறுபடி ஏற்ற முடியாது.

ஏற்றியதைத்தான் இறக்கினீர்களா?

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

வெர்டாச்சியோவை நிறுவினால் 4873 போர்ட்டில் ஒரு குட்டி ரெஜிஸ்ட்ரி எழுந்து நிற்கும். தன்னிடம் இல்லாததை நிஜ என்பிஎம்மிடம் கேட்டு வாங்கித் தரும். நம் பேக்கேஜுக்குத் தேவைப்படும் மற்ற பேக்கேஜ்களுக்கு, அதாவது சார்பு பேக்கேஜ்களுக்கு, அது வசதி. எங்கள் சொந்த பேக்கேஜையும் அதே விதியில் விட்டுவைத்ததுதான் வினை.

ஒருநாள் பில்ட் கோப்புறையின் பெயரை மாற்றினேன். எந்தக் கோப்புகள் பேக்கேஜில் போக வேண்டும் என்று சொல்லும், பேக்கேஜ்.ஜேசனில் உள்ள ஃபைல்ஸ் பட்டியலில் மாற்ற மறந்தேன். டெஸ்ட் பச்சை, அதாவது பாஸ். வெளியிட்டேன். அரை மணி நேரத்தில் 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று புகார்கள் வர ஆரம்பித்தன.

நடந்தது இது. பதிப்பெண்ணை வெளியிடும் நேரத்தில்தான் கூட்டுவோம். டெஸ்ட்டில் பழைய எண்ணோடு ஏற்றப் போனால், 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று வெர்டாச்சியோ மறுத்தது. பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் போகும்படி ஷெல்லில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அப்புறம் இன்ஸ்டால், பொதுவெளியில் இருந்த பழைய பதிப்பை இறக்கியது. அது நன்றாகத்தான் ஓடும், ஏன் ஓடாது? எத்தனை மாதமாகப் பழையதையே சோதித்துக்கொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சரி, எந்தப் பதிப்பு எங்கிருந்து வந்தது என்று என்பிஎம் குறித்துவைக்கும் லாக் (lock) கோப்பில் முகவரி லோக்கல்ஹோஸ்ட்டா என்று பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அதிலும் ஏமாந்தேன். வெளியிலிருந்து வாங்கித் தருவதற்கும் வெர்டாச்சியோ தன் முகவரியையே போட்டுத் தரும்.

இப்போது செய்வது: சொந்தப் பெயர்களுக்குத் தனி விதி எழுதி, அதில் நிஜ என்பிஎம்மிடம் கேட்கச் சொல்லும் ப்ராக்ஸி வரி இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 0.0.0-டெஸ்ட்.412 போலப் புது எண், இன்ஸ்டாலிலும் அதே எண்ணை முழுதாகக் கேட்பேன். ஒரே ஒருமுறை பேக் செய்து (ஒரே கோப்பாகக் கட்டி), அந்தக் கோப்பையே ஏற்றி, பேக் தந்த எஸ்எச்ஏ512 மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்றது) லாக் கோப்பில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் டெஸ்ட் அங்கேயே நின்றுவிடும்.

தம்பியின் ஸ்கிரிப்ட்டிலும் அதே ஷெல் வரி இருந்தது. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "உங்க பழைய ரெப்போலதான் அண்ணா" என்றார்.

லிங்க் போட்டுச் சோதிப்பது

என்பிஎம் லிங்க் வெறும் சிம்லிங்க், உங்கள் கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழி. ஃபைல்ஸ் பட்டியல் அங்கே வேலைக்கே வராது, விடுபட்ட கோப்பும் இருப்பது போலவே தெரியும்.

கேஷ்

முன்பு இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடம் இது. அதற்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு காலிக் கோப்புறை கொடுங்கள்.

டெஸ்ட்பைப்பிஐ

பைப்பிஐ போலவே, சோதிப்பதற்கென்று உள்ள தனி ரெஜிஸ்ட்ரி; உங்கள் சார்பு பேக்கேஜ்கள் அங்கே இருக்கும் என்று எண்ண வேண்டாம். அதனால் பலரும் எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ் என்று இரண்டாவது முகவரியைச் சேர்க்கிறார்கள். பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப், இரண்டில் எதற்கும் முன்னுரிமை தராது; எங்கே பெரிய பதிப்பெண் இருக்கிறதோ அதை எடுக்கும். டெஸ்ட்பைப்பிஐயில் இன்னும் யாரும் எடுக்காத பெயரில் யார் வேண்டுமானாலும் பதிப்பெண் 99 என்று ஏற்றி வைக்கலாம். சார்புகளை முதலில் பைப்பிஐயிலிருந்து நிறுவிவிட்டு, உங்கள் பேக்கேஜை மட்டும் சார்புகள் இல்லாமல் தனியாக இறக்குங்கள்.

ஸ்கோப் உள்ள பெயர்கள்

@குழு/பேக்கேஜ் என்பது போல @ போட்ட பெயரில் ஒன்றையாவது சோதியுங்கள். நடுவில் உள்ள சாய்கோட்டை என்பிஎம் குறியாக்கம் செய்து அனுப்பும். இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் அதை மறுபடி சாய்கோடாக்கிவிட்டால் 404, அதாவது 'கிடைக்கவில்லை'.