ஆமைக்கு நகம் வளர்ந்துவிட்டதா? நகவெட்டியை எடுக்கும் முன் தரையைப் பாருங்கள்

வீட்டு ஆமையின் நகம் நீண்டு வளைந்துவிட்டால் கை முதலில் நகவெட்டியைத் தேடிப் போகிறது. கோளாறு பெரும்பாலும் நகத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் வழவழப்பான டைல்ஸ்தான் போடுகிறார்கள். அதில் ஆமை நடக்கும்போது நகம் தேய்வதற்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. கால் வழுக்கி வழுக்கித்தான் போகும். நம் ஊரில் பலர் வளர்க்கும் சல்காட்டா ஆமை, சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் இறுகிய மண்ணைப் பறித்து வளை தோண்டி வாழும் இனம். தினமும் மண் தோண்டித் தேயவேண்டிய நகத்துக்கு இங்கே வேலையே இல்லை. வெட்டிவிட்டு மறுபடி அதே டைல்ஸில் விட்டால், சில மாதங்களில் பழைய நீளத்துக்கே வந்து நிற்கும்.

வெட்டவே தேவையில்லாத நகத்தை வெட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. வளர்ப்பு மீன் கடைகளில் சின்னதாக வாங்கி வரும் சிவப்புக் காது ஆமை வளர்ந்ததும், ஆணாக இருந்தால் முன்கால் நகங்கள் மட்டும் ஊசிபோல் நீளும். பெண் ஆமையின் முகத்துக்கு முன்னால் அவற்றைப் படபடவென்று அசைத்து இணை சேர அழைப்பதற்காக இயற்கை கொடுத்தது அது. அதை வெட்டக் கூடாது. பெண் ஆமைகளுக்குப் பின்கால் நகம் முட்டையிடக் குழி தோண்டும் கருவி. அதையும் ஒட்ட வெட்டிவிடக் கூடாது.

நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆமையைச் சமதரையில் விட்டு, நீங்களும் தரையோடு குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நகம் பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா, அது தரையை முட்டித் தள்ளுவதால் விரல் திருகிக்கொண்டிருக்கிறதா, பாதத்தை ஒருக்களித்து ஊன்றுகிறதா, கால்மிதியின் நூலில் மாட்டுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் நகத்தைக் குறைக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதிர்ஷ்டம் வரும் என்று சில வீடுகளில் நட்சத்திர ஆமை வைத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். நகம் வெட்டுவது பற்றி யோசிக்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் நீங்களே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வீட்டு ஆமை கொண்டுபோகும் நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும். சல்காட்டா வெளிநாட்டு இனம் என்றாலும், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், காய்ந்த நகத்தில் கை வைக்காதீர்கள். காய்ந்த நகம் நெடுக்குவாட்டில் பிளக்கும். பிளவு வேர் வரை ஓடிவிட்டால் ஆறுவதற்கு நாளாகும். முதலில் 15 முதல் 20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். நீர் 30 டிகிரி அளவில் இருக்கட்டும். மேலோடும் அடியோடும் சேரும் இடத்துக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது, தலை தாராளமாக வெளியே இருக்க வேண்டும். இதற்கென்று தனி பேசின் வையுங்கள். ஆமையின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் சமையலறைப் பாத்திரம் வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஆமையை மல்லாக்கப் போட்டு வெட்டுகிறார்கள். அப்படிப் போட்டால் அது மிரளும், நுரையீரலும் அழுந்தும். அதைவிட, அகலம் குறைந்த உறுதியான டப்பா ஒன்றைக் கவிழ்த்து, மேலே துண்டு மடித்துப் போட்டு, ஆமையின் அடியோட்டின் நடுப்பகுதி அதில் படும்படி உட்கார வையுங்கள். நான்கு கால்களும் அந்தரத்தில் தொங்கும். ஒருவர் இரண்டு பக்கமும் ஓட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நகத்தைப் பார்க்கலாம். காலை உள்ளே இழுத்துக்கொண்டால் பதிலுக்கு இழுக்காதீர்கள். ஆமையின் இழுவிசை நீங்கள் நினைப்பதைவிட அதிகம், மூட்டு பிசகிவிடும். இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் தானாகவே கால் வெளியே வரும்.

மனிதர் நகவெட்டி இதற்கு ஆகாது. நம் நகம் தட்டை. ஆமை நகம் உருண்டைக் கூம்பு. தட்டை வாய் அதை நசுக்கிவிடும், வெட்டாது. சின்ன ஆமைக்குப் பூனை நகவெட்டி, பெரிய சல்காட்டாவுக்கு நாய்களுக்கான குறடு வகை நகவெட்டி, கடைசியில் ஓரம் தேய்க்க ஒரு அரம் போதும். மின்சாரத்தில் சுழலும் அரம் நகத்தைச் சூடாக்கும், பழக்கமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நகத்துக்குள்ளே எலும்பும், அதைச் சுற்றி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர் நகமாக இருந்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சதை இளஞ்சிவப்பு நிழலாகத் தெரியும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் டார்ச் உதவாது. நுனியில் 1 மில்லிமீட்டர் மட்டும் சீவி, வெட்டிய முகத்தை உற்றுப் பாருங்கள். சுண்ணாம்புக்கட்டி உடைந்தமாதிரி காய்ந்து வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீவலாம். நடுவில் ஈரப் பளபளப்போடு ஒரு புள்ளி தெரிந்தால், அன்றைக்கு அந்த நகம் முடிந்தது. அதிகம் நீண்ட நகத்தில் உள்சதையும் கூடவே நீண்டிருக்கும். அதனால் ஒரே நாளில் சரியான அளவுக்குக் கொண்டுவர முயலாமல், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் உள்சதையும் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டால் வீட்டில் உடனே ஒருவர் மஞ்சள்தூளையோ காபித்தூளையோ கொண்டுவந்து அப்புவார், சிலர் சுண்ணாம்பு தடவுவார்கள். இது எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு சதையை வேகவைத்துவிடும். மஞ்சள்தூளும் காபித்தூளும் காயத்துக்குள் அழுக்கைத்தான் சேர்க்கும். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ரத்தம் நிறுத்தும் பொடியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால் சவரக் கடையில் பயன்படுத்தும் படிகாரத்தைப் பொடித்தோ, மக்காச்சோள மாவையோ (கார்ன்ஃப்ளோர்) நகநுனியில் வைத்து, சுத்தமான துணியால் 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் மறுபடி கிளம்பும். நின்ற பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரிலும் மண்ணிலும் விடாமல், தாள் விரித்த பெட்டியில் வையுங்கள். 20 நிமிடமாகியும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

இனி தரைக்கு வருவோம். வேலூரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. அம்மி கொத்துவதுபோல் மேல்முகம் லேசாகக் கொத்திய, இரண்டடிக்கு இரண்டடி கல் ஒன்று போதும். ஓரம் கூராக இருக்கக் கூடாது, கல் ஆடவும் கூடாது. தினமும் தீனியை அந்தக் கல்லின் மேலேயே வையுங்கள். இலையைக் காலால் அமுக்கிப் பிய்த்துத் தின்னும்போது நகம் தானாகத் தேயும். பக்கத்தில் செம்மண் நிரப்பிய ஓர் இடம் இருந்தால் தோண்டுவதும் நடக்கும். உப்புத்தாளை ஒட்டி வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அது நகத்துக்கு முன்னால் பாதத்தின் தோலைத் தேய்த்துவிடும். கத்திரி வெயிலில் அந்தக் கருங்கல் தோசைக்கல்தான். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத கல்லில் ஆமையை விடாதீர்கள், நிழலில் போடுங்கள்.

நகமும் அலகும் சேர்ந்தே நீண்டிருந்தால் தீனியையும் வெயிலையும் சந்தேகிக்க வேண்டும். சல்காட்டாவுக்கு நாய் பிஸ்கட், பூனைத் தீனி, பால்சோறு எல்லாம் கூடாது. புல்தான் பிரதான உணவு: அருகம்புல், மாட்டுப் புல். அதோடு செம்பருத்தி இலை, மல்பெரி இலை. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள். அதில் ஒரு துண்டைப் போட்டுவைத்தால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள், ஒதுங்க நிழலும் வைத்து, நேரடி வெயிலில் விடுங்கள்.

ஒரே ஒரு நகம் மட்டும் கோணி வளர்ந்தாலோ, நகத்தின் அடி வீங்கினாலோ, ஓடு அமுக்கினால் நெகிழ்ந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். ஆமைக்குச் சீழ் நீராக வடியாது, பாலாடைக்கட்டிபோல் இறுகி உள்ளேயே நிற்கும். மருத்துவர்தான் எடுக்க முடியும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை என்பதால் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளூரில் யாரும் கிடைக்காவிட்டால், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். போகும்போது ஆமையின் எடையைக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் என்னென்ன தின்றது என்று எழுதி, அது நடமாடும் இடத்தைப் படம் எடுத்துக் கொண்டுபோனால் காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு உதவும்.