வளர்ற பிள்ளைக்கு மெத்தை வாங்கப் போறீங்களோ?

கிளிநொச்சியில மெத்தை பாக்கப் போறாக்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நாங்கள் கையால அமத்திப் பாத்து "ஆ நல்ல மெத்து" எண்டு வாங்கினது ஆறு மாசத்தில நடுவால குழி விழுந்து பிள்ளை தொட்டிலுக்க கிடந்தமாதிரிக் கிடந்தவன். கடையிலயே பிள்ளையைச் சரிச்சுப் படுக்க விட்டு முதுகைப் பாருங்கோ, முள்ளந்தண்டு நேரா இருக்கோணும், இடுப்பு கீழ தாழ்ந்தா மெத்தை கூட மெத்து, தோள் அமராம தூக்கி நிண்டா கூட இறுக்கம். வளர்ற பிள்ளைக்குக் கொஞ்சம் இறுக்கமானதுதான் நல்லம், ஒரு வயசுக்குக் கீழ எண்டா மெத்து மெத்தை வேண்டவே வேண்டாம், தலையணையும் வேண்டாம், மூச்சுத் திணறிப் போகும்.

எங்கட வன்னி வெக்கைக்கு மலிவு ஸ்பொஞ்ச் சூட்டைப் பிடிச்சு வைக்கும், தும்பு மெத்தை காத்தோட்டம், ஆனா மாரியில நனைஞ்சா பூஞ்சணம்தான், அதால உறை சிப் வைச்சுக் கழட்டித் தோய்க்கிறதா பாருங்கோ. புதுசா வந்த பொலித்தீனைக் கழட்டாமப் படுக்க விடுற ஆக்களும் இருக்கினம், வேர்த்துக் கொட்டும், தயவுசெய்து கழட்டுங்கோ!

அளவைச் சின்னனா எடுக்காதேங்கோ, 6 அடிக்கு 3 அடி எடுத்தா பதின்ம வயசு மட்டும் போகும். கட்டிலையும் அளந்துகொண்டு போங்கோ, கரையில ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி இருந்தா சின்னப் பிள்ளை சிக்கிப் போகும். வாங்கினாப் பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா தலைமாடு கால்மாடு மாத்திப் போடுங்கோ.