டைவிங் மாஸ்க் ஒழுகாமல் இருக்க: குன்னூர் வீட்டிலேயே செய்து பார்க்கும் பொருத்தச் சோதனை

குன்னூரில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீருக்கடியில் மூழ்குதல்) மாஸ்க்கை மாட்டிப் பார்த்து வாங்குவதற்கு நான் அறிந்த வரை கடை இல்லை. ஆகவே நான் இணையத்தில் படம் பார்த்து ஒன்றை வாங்கி, வீட்டுக் கண்ணாடி முன் நின்று மூக்கால் பலமாக உறிஞ்சிப் பார்த்தேன். அது முகத்தோடு ஒட்டிக்கொண்டதால் திருப்தியடைந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டேன். கடலில் ஐந்தாறு மீட்டர் இறங்குவதற்குள் மூக்கு வரை உப்புநீர் சேர்ந்துவிட்டது. பின்பட்டையை இறுக்கினேன், இறுக்க இறுக்க ஒழுக்கு அதிகமாயிற்று. மேலே வந்தபின் பயிற்சியாளர் பட்டையைத் தளர்த்திவிட்டு, "அண்ணா, பட்டையில ஒண்ணும் இல்ல, இது உங்க முகத்துக்கான மாஸ்க்கே இல்ல" என்றார்.

அவர் கூறியது முழுக்கச் சரி. கண்ணாடியைச் சுற்றியுள்ள மெல்லிய சிலிகான் விளிம்பு (டைவர்கள் இதை ஸ்கர்ட் என்பார்கள்) நெற்றி, நெற்றிப்பொட்டு, கன்னம், மேலுதடு ஆகிய இடங்களில் இடைவெளி விடாமல் படிந்துவிட்டால், உள்ளே காற்றழுத்தம் சற்றே குறைந்ததும் வெளியிலிருக்கும் நீரே மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மாஸ்க் இடம் பெயராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பட்டையின் வேலை. அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு மடங்கி, அந்த மடிப்பின் வழியாகவே நீர் நுழையும்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மூக்கு வெளியே இருக்கும் நீச்சல் கண்ணாடி டைவிங்குக்கு உதவாது. ஏன் என்பதை நம் மலைப்பாதையே விளக்கும்: குன்னூரில் இறுக மூடிய காலித் தண்ணீர் பாட்டில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் நசுங்கிப் போயிருக்கும். கடலில் வெறும் பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்காகிவிடுவதால், கண்ணைச் சுற்றி அடைபட்ட காற்றும் பாதியாகச் சுருங்கிக் கண்ணையும் தோலையும் உறிஞ்சி இழுக்கும். மூக்கு மாஸ்க்குக்குள் இருந்தால் மூச்சை மெல்ல விட்டு அதைச் சமன் செய்யலாம். முழு முகத்தையும் மூடும் ஸ்நோர்கெல் (நீர்மட்டத்தில் மூச்சு விட உதவும் குழாய்) மாஸ்க்கும் ஸ்கூபாவுக்கு ஆகாது. கண்ணாடியில் டெம்பர்டு (உறுதியூட்டப்பட்ட கண்ணாடி) என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இரு கண்ணாடி கொண்ட மாடலை எடுத்தால் பவர் லென்ஸ் பொருத்திக்கொள்ள வசதியாக இருக்கும்.

மாஸ்க் வந்து சேர்ந்ததும் லேபிளைக் கிழிக்காமலும் நனைக்காமலும் சோதனையைத் தொடங்குங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டுமல்லவா? முதலில் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். குளிர் காலத்தில் இங்கே எல்லோரும் வாஸ்லின், கோல்டு கிரீம் என்று பூசிக்கொண்டிருப்போம். அந்த வழுவழுப்பு சோதனையைப் பொய்யாக்கிவிடும். நெற்றியில் விழும் முடியையும் பின்னால் தள்ளிவிடுங்கள், ஏனெனில் விளிம்புக்கு அடியில் ஒற்றை முடி சிக்கினாலும் அது நீர் வழியும் பாதையாகிவிடும்.

பிறகு தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி, பட்டையை முன்பக்கமாக மடித்துவிட்டு, மாஸ்க்கை அழுத்தாமல் முகத்தின் மீது வெறுமனே வைக்க வேண்டும். இப்போது மூச்சை உறிஞ்சக் கூடாது. வீட்டில் இருப்பவர் ஒருவரை டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டின் அருகே இடைவெளி தெரிந்தால் மாஸ்க் உங்கள் முகத்துக்கு அகலமானது. பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இக்குறை அடிக்கடி நேர்வதால் அவர்கள் குறுகிய முகத்துக்கான மாடலைத் தேட வேண்டும். விளிம்பின் கீழ்ப்பகுதி உதட்டின் மீதே விழுந்தால் மாஸ்க் நீளமானது. என் மாஸ்க் இந்த இடத்திலேயே தோற்றிருக்கும்: பிற்பாடு என் அக்கா மகள் டார்ச் அடித்துப் பார்த்து, "மாமா, இடது பக்கம் விரல் நுழையும் போல இருக்கு" என்றாள்.

இடைவெளி இல்லையென்றால் மட்டும் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள். அதே நிலையில் மூக்கால் மிக இலேசாக, பூவை முகர்வது போல, ஒரு முறை உறிஞ்சி மூச்சை நிறுத்துங்கள். தலையைக் குனிந்தாலும் மாஸ்க் சில விநாடிகள் விழாமல் நிற்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் பொருந்தாத மாஸ்க்கின் விளிம்புகூட வளைந்து ஒட்டிக்கொள்ளும். நான் ஏமாந்தது அவ்விடத்தில்தான். பின்னர் கண்ணாடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். புருவங்களுக்கு நடுவிலோ மூக்குத் தண்டிலோ கடினமான பிளாஸ்டிக் சட்டம் இடித்தால், வீட்டில் சிறு உறுத்தலாகத் தெரிவது நீருக்கடியில் முக்கால் மணி நேரத்தில் தலைவலியாகிவிடும். மூக்கை விரல்களால் பிடித்து அடைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். காது அடைப்பை எடுக்க அது தேவை.

பலர் விட்டுவிடும் படி அடுத்தது. வாயில் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) கடித்ததும் மேலுதடும் கன்னமும் உருமாறிவிடுகின்றன. ரெகுலேட்டர் கைவசம் இருக்காது; ஆனால் ஸ்நோர்கெலின் வாய்ப்பகுதி ஏறத்தாழ அதே மாற்றத்தைத் தரும். அதைக் கடித்துக்கொண்டு முன்னைய இரு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். அப்படியே சிரித்தும் பாருங்கள். சிரிக்கும்போது மூக்கின் இருபுறமும் விழும் கோடுகள் வழியாக ஒழுகுவது எல்லோருக்கும் உண்டு என்பதால், அதற்காக மாஸ்க்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மீசையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூக்குத் துளைகளுக்கு நேர் கீழே நாலைந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் மழித்துக்கொண்டேன். விளிம்பு அந்த வெற்றுத் தோலில் படிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

இப்போது நீர்ச் சோதனை. காலையில் குன்னூர்க் குழாய்த் தண்ணீர் முகத்தை மரக்கச் செய்துவிடும் என்பதால், அகலமான அண்டாவில் வெதுவெதுப்பான நீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அருகில் ஒருவர் இருக்கட்டும். பட்டை தலையின் பின்புறம் அகன்ற பகுதியில், காதுகளுக்கு மேலாக, ஒரு விரல் எளிதில் நுழையும் தளர்வோடு இருக்க வேண்டும். ஸ்நோர்கெல் வழியாக மூச்சு விட்டபடி முகத்தை அமிழ்த்தி, இடமும் வலமுமாகத் திருப்பி, ஒரு நிமிடம் கழித்து நிமிருங்கள். மாஸ்க்கின் மூக்குப் பகுதியில் இரண்டொரு சொட்டு இருந்தால் கவலையில்லை. கண் மட்டம் வரை நீர் ஏறியிருந்தால் அந்த மாஸ்க் உங்களுக்கு உரியதன்று. நனைத்ததைத் திருப்பி அனுப்ப முடியுமா என்ற ஐயம் இருப்பவர்கள், புதுச்சேரியிலோ ராமேஸ்வரத்திலோ டைவிங் மையத்தில் வாடகை மாஸ்க்குகளை மாட்டிப் பார்த்து, பொருந்திய மாடலின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து வாங்குவது நல்லது.

அங்கிருந்து திரும்பும்போது ஓர் எச்சரிக்கை. டைவ் செய்தபின் விமானத்தில் ஏற, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும் பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொது நெறி. ஊட்டியின் உயரமாகிய 2,240 மீட்டர், விமான அறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது. எனவே அன்றிரவே மலை ஏறாதீர்கள்.

பொருத்தம் உறுதியான பிறகு, புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய படலத்தை நீக்க வேண்டும். இல்லையேல் எவ்வளவு துடைத்தாலும் ஆவி படரும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று முறை அவ்வாறே செய்யுங்கள். பூச்சு கொடுக்கப்பட்ட கண்ணாடி என்றால் தயாரிப்பாளர் குறிப்பைப் படித்த பிறகே தேய்க்கவும். எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலத்தை எடுப்பது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து மாஸ்க்கின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். கண் எரியும், பிளாஸ்டிக் சட்டத்துக்கும் அது நல்லதன்று.

மழைக்காலத்தில் மஞ்சு அறைக்குள்ளேயே புகுந்துவிடும் நம் வீடுகளில், ஈரத்தோடு பெட்டியில் மூடிய மாஸ்க்கின் விளிம்பில் பூஞ்சை கரும்புள்ளிகளாகப் படிந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதும் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பதே என் வழக்கம். பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.